கையைக் கட்டு, வாயைத் திற

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். அடிப்பதற்கு இல்லை, பேசுவதற்கு. என் பிறந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான். குழாயடியில் என் அம்மா கையை நீட்டிப் பேச ஆரம்பித்தால், தெருமுனையில் நிற்பவளுக்குக்கூட எதற்குச் சண்டை என்று விளங்கிவிடும். அந்த வீட்டில் வளர்ந்தவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமே உங்க கை ஆடக் கூடாது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில், காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது.

அவளுக்கு அப்போது மூன்று வயது. ஆஸ்டின் டவுனில், ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த இடத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்ததே நான்தான். ஒருநாள் அண்டா மூடி கை நழுவி விழுந்து முற்றமே திரும்பிப் பார்த்தது. இவள் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து பொம்மையின் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் நம்பவில்லை. "அது விளையாட்டு மும்முரத்துல இருக்கு, நீ எதையாவது கிளப்பி விடாத" என்றார். ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அந்தப் பள்ளியில் குழந்தையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும். டீச்சர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசுவார். நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் குழந்தை மூக்கு ஒழுகினாலும் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவார். ஆனால் கை விஷயத்தில் ராட்சசி.

"நோடிம்மா, இங்க பாருங்க," என்றார். "குழந்தைக்குக் கையால பேச வழி கெடச்சா, வாய் சோம்பேறி ஆயிடும். நீங்க கையைக் காட்டினா அவ வாயைப் பாக்கவே மாட்டா. கையைக் கட்டுங்க, வாயைத் திறங்க. ஏழு வயசுக்குள்ள வாய் வந்துச்சுன்னா சாதாரண ஸ்கூல்ல சேத்துடலாம், நானே கூட வந்து சேத்து விடறேன். வரலைன்னா, கடைசி வரைக்கும் இந்த மாதிரி இடத்துலயேதான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமிக்கு வேண்டுதல் அது ஒன்றுதான். ஏழு வயது, சாதாரண ஸ்கூல். என் கணவர் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு சட்டமும் உண்டு. குழந்தையிடம் ஒரே பாஷைதான் பேசவேண்டும், கலக்கக் கூடாது. எங்கள் முற்றத்தில் வீட்டுக்குள் தமிழ், எதிர்வீட்டோடு கன்னடம், கறிக்கடைக்காரரோடு உருது. ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும், யாரும் கவனிப்பதுகூட இல்லை. "எந்த பாஷை?" என்று டீச்சர் கேட்டதும் என் கணவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டார். சாதாரண ஸ்கூல் என்றால் இங்கிலீஷ் மீடியம்தானே. எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் எவ்வளவு? கம், கோ, சிட், ஈட். கண்டோன்மென்ட் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் நாயிடம் பேசுகிற அத்தனை வார்த்தையும் எனக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளையிடம் அதை வைத்துக்கொண்டுதான் பேசினேன். கம். சிட். ஈட். நோ. ஒருநாள் எதிர்வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "என்னம்மா, கொழந்தய ட்ரெயின் பண்றியா?" என்றாள். அவளிடம் நான் நாலு நாள் பேசவில்லை.

பயிற்சி என்பது சாதாரண விஷயம் இல்லை. மார்பில் காது மெஷின் பெட்டி ஒன்று, அதிலிருந்து இரண்டு காதுக்கும் வயர். பெட்டியை வைக்க நானே துணியில் பை தைத்துத் தோளில் மாட்டிவிடுவேன். கண்ணாடி முன் உட்காரவைத்து, உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து 'ப' சொல்ல வேண்டும். காகிதம் ஆடினால்தான் 'ப'. ஆடாவிட்டால் 'ம'. என் தொண்டையில் அவள் கையை வைத்து, அவள் தொண்டையில் என் கையை வைத்து, "பால், பால், பால்" என்று, குடிக்கிற பால் இல்லை, பந்துக்கு இங்கிலீஷ், பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருப்போம். என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, முகம் கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்து தானும் சொல்லிக்கொடுப்பார். முதல் தடவை அவள் "டேடி" மாதிரி ஒரு சத்தம் போட்டபோது, முற்றத்துக்கு ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். அத்தனை பேரும் வாசலில் வந்து நின்றதும் குழந்தை மிரண்டு என் மடியில் முகம் புதைத்துக்கொண்டது.

இப்படி ஒரு வருஷம். பால், டேடி, பஸ், ஃபேன். என்னிடம் அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் பந்தும் விசிறியும்தானா?

ஒரு மத்தியானம் வெளியில் விளையாடப் போனவள் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். காது வயர் அறுந்து தொங்கியது. "வாட்? வாட்?" என்றேன், என் இங்கிலீஷில். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு தன் தலைக்குச் சற்று மேலே கையை வைத்து உயரம் காட்டினாள். புறங்கையால் மூக்கை இப்படி ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக் காட்டினாள். தன் வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அப்புறம் வாயை அகலத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி நடித்துக் காட்டினாள், கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

கோடி வீட்டுப் பையன். எப்போதும் சளி ஒழுகும் பையன். அவன் வயரை அறுத்துவிட்டுச் சிரித்திருக்கிறான். நாலு வயசுக் குழந்தை யார், என்ன, எப்படி என்று முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டது. என் மகள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

நேரே கோடி வீட்டுக்குப் போய் அந்தப் பையனின் அம்மாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தேன். வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னல் துணியை இழுத்து விட்டேன். கீழே உட்கார்ந்து, புறங்கையால் மூக்கைத் துடைத்துக் காட்டி, அவன் முதுகில் நாலு வைத்த மாதிரி செய்து காட்டினேன். அப்படி நடக்கவில்லை, அவன் அம்மாதான் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் என் மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அப்புறம் எங்களை யார் பிடிக்க முடியும்? எங்கே பார்த்தாலும் கைதான் என் கண்ணில் படும். பஸ்ஸில் இடம் இல்லை என்று கண்டக்டர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினால் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். எங்கள் வீட்டில் அது 'தீர்ந்துபோச்சு'. டிராஃபிக் போலீஸ், பூக்காரி, அடுத்த தெரு மளிகைக்காரர், எல்லாரிடமும் திருடினேன். அப்பாவுக்குச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவோம். ஃபாக்டரி பாஸ் அங்கேதான் இருக்கும். டீச்சருக்கு இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிப்போம். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்ப்பது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையால் மற்றக் கைமேல் கறி வெட்டுவது. கை பாதிதான் பேசும், மிச்சம் பாதி முகம் என்பது எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. கறி வெட்டிப் புருவத்தைத் தூக்கினால், 'ஞாயிற்றுக்கிழமைதானே?'. கறி வெட்டி உதட்டைப் பிதுக்கினால், 'ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லையே'. அவரைக்காய் உரித்துக்கொண்டே, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பழகுவோம். என் கை அவசரக் கை. தப்பாகச் செய்தால் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பார்க்க மாட்டேன், மறுபடி சொல்லு என்று அர்த்தம். திமிர் பிடித்த கழுதை.

பெட்டிக்கும் ஒன்று உண்டு. இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டிப் புருவத்தைத் தூக்கினால், 'பெட்டி பேசுகிறதா?'. வயர் அடிக்கடி உள்ளே விட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பேன்.

இதெல்லாம் என் கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான். முற்றத்தில் அவர் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும், என் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிடும். சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் போய் உட்கார்ந்து, "பால்" என்பாள். ஐந்து வயதில் அவ்வளவு சாமர்த்தியம். எனக்கு அதைப் பார்க்கும்போது பெருமையாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

மாட்டிக்கொண்டது வகுப்பில்தான். ஆறு வயது ஆகியிருந்த சமயம். டீச்சர் எல்லாக் குழந்தைகளையும் வட்டமாக உட்காரவைத்துக் கிழமை கேட்டுக்கொண்டு வந்தார். "ஆஃப்டர் சாட்டர்டே?" என்று என் மகளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். வாய்க்கு முன்னால் கை வந்துவிட்டது, யார் மகள்! உள்ளங்கைமேல் சதக் சதக் என்று கறி வெட்டிவிட்டு, அப்புறம்தான் "சண்டே" என்றாள். மற்ற அம்மாக்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்போம். ஆனால் அவர் கெட்டிக்காரி. "ஆஃப்டர் தர்ஸ்டே?" என்று உடனே கேட்டார். அவள் கை தலைக்குப் போய் எண்ணெய் தேய்த்தது.

மறுநாள் என் கணவரை வரச் சொன்னார்கள்.

"உங்க மக வீட்ல கையால பேசறா," என்றார் டீச்சர். "ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு முழு பாஷையே வெச்சிருக்காங்க அம்மாவும் பொண்ணும். நான் இவளுக்குத்தான் முதல்ல சாதாரண ஸ்கூல் கெடைக்கும்னு நெனச்சிட்டிருக்கேன். அங்க இன்டர்வியூல ஒரு தடவை கை ஆடிச்சுன்னா சீட் போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து அழுதா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?" அவர் கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸில் நான் பெண்கள் பக்கம், அவர் பின்னால். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாம எத்தன நாளா நடக்குது இது?"

"நீங்க ஷிஃப்டுக்குப் போற நாளெல்லாம்."

"நான் வந்து உக்காந்து பால், பால்னு கத்திட்டிருந்தேனே, ரெண்டு பேரும் என்னைப் பாத்துச் சிரிச்சீங்களா?"

"ஏங்க, அப்படியெல்லாம் பேசாதீங்க. எம் பொண்ணு எங்கிட்ட நாலு வார்த்த பேசினா, அது குத்தமா?"

"அது வார்த்தயா? நாளைக்கு ரோட்ல நின்னு கைய ஆட்டினா ஊமச்சின்னு ஊரே கூப்பிடும். கேட்டுட்டு நிப்பியா நீ?"

"இப்ப மட்டும் என்ன, மாலை போட்டா கூப்பிடறாங்க? நீங்க ஃபாக்டரில நாள் பூரா கையாலதான க்ரேனுக்கு மேல போ, கீழ வான்னு சொல்றீங்க? அந்த க்ரேன் ஓட்டறவனுக்கு வாய் கோணிக்கிச்சா?"

அவர் வேலை அதுதான். ஷெட்டில் அந்த இரைச்சலில் மேலே க்ரேனில் இருப்பவருக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுவது.

"அது இரும்பு. இது எம் பொண்ணு," என்றார்.

அந்த மனுஷன் ஆசைப்பட்டதும் தப்பில்லையே. குழந்தை ஓரத்தில் நின்று எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்காது. ஆனால் சண்டை தன் கையைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள்.

இன்டர்வியூ முடியும்வரை நிறுத்துவது என்று முடிவாயிற்று. நிறுத்தினோம். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. அவள் ஏதாவது சொல்ல வந்து கையைத் தூக்குவாள், நான் தலையை ஆட்டுவேன், கை கீழே இறங்கிவிடும். சொல்ல வந்தது என்ன ஆகும்? அவள் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். பெட்டிச் சைகையை மட்டும் நான் விடவில்லை. அது இல்லாமல் எப்படி? அதையும் யாரும் பார்க்காதபோது, தலைப்புக்குள் மறைத்துக் கேட்பேன். மற்றபடி காலையில் எழுந்ததிலிருந்து, "வாட் இஸ் யுவர் நேம்? வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்? வாட் டிட் யூ ஈட்?" அவளும் கிளி மாதிரி சொன்னாள். நன்றாகவே சொன்னாள். முன்பைவிட வார்த்தை தெளிவாக வந்தது என்பதும் உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன்.

இன்டர்வியூ கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பள்ளியில். டீச்சரும் சொன்னபடி எங்களோடு வந்தார். ஆபீஸ் அறையில் பெரிய மேஜை. அதற்குப் பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ், நரைத்த தலை, கண்ணாடி. எதிரில் தனி நாற்காலியில் என் மகள், கால் தரையில் எட்டவில்லை. பக்கச் சுவரோரம் எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி. "பேரண்ட்ஸ் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் குழந்தைகிட்ட மட்டும்தான் பேசுவேன்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் கையைத் தலைப்புக்குள் விட்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன்.

பெயர் கேட்டார். சொன்னாள். அப்பா பெயர் சொன்னாள். என்ன சாப்பிட்டாய்? "இட்லி." மேஜைமேல் இருந்த பேனா என்ன கலர்? "ப்ளூ." என் கணவரின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு பதிலுக்கும் நின்று, மறுபடி ஆடியது. ஹெட்மிஸ்ட்ரஸ் புன்னகை செய்தார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது பள்ளிக்கூட மணி அடித்தது. அறைக்கு வெளியே வராந்தாவிலேயே இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கிற மணி. எங்கள் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஹெட்மிஸ்ட்ரஸே தலையைத் திருப்பினார். என் மகள் அசையவில்லை.

அவ்வளவு பெரிய சத்தம் பெட்டி வழியாக அவளுக்குக் கேட்டே ஆகவேண்டும். கேட்டால் கண்ணைச் சிமிட்டுவாள், எனக்குத் தெரியாதா? வயர் போய்விட்டது. எப்போது போனதோ, ப்ளூ சொன்ன பிறகா, இப்போதுதானா? இல்லை, பயத்தில் அப்படி உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாளா? ஹெட்மிஸ்ட்ரஸ் அடுத்த கேள்வியைக் காகிதத்தைப் பார்த்தபடியே, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். உதடு தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் புரியாது.

"யெஸ் மேடம்," என்றாள் என் மகள்.

உனக்கு எத்தனை தம்பி தங்கை என்பதுதான் கேள்வி. ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இன்னொன்று கேட்டார், உன் வீடு எங்கே இருக்கிறது என்று.

"யெஸ் மேடம்."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்தேன். "மேடம், அந்த மிஷின்..." என்று ஆரம்பித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை, கையைத்தான் காட்டினார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. உட்கார், வாயை மூடு. நான் உட்கார்ந்தேன். ஓஹோ, அந்த ஒரு கை மட்டும் ஆடலாம் போலிருக்கிறது! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

குழந்தை இப்போது என்னைப் பார்த்தாள். சிரித்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் தவித்தது. என் கணவர் என் மனசு தெரிந்தவர் மாதிரி, தலைப்புக்கு மேலாகவே என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். "வேணாம்," என்றார், மூச்சிலேயே. "வேணாம், வேணாம்."

உதறிவிட்டு எடுத்தேன். இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். பெட்டி பேசுகிறதா?

அவளுக்குப் புரிந்தது. எந்தச் சந்தேகமும் இல்லை, பெற்றவளுக்குத் தெரியும். பதில் சொல்ல அவள் வலது கை மடியிலிருந்து கிளம்பியது. அப்போது அவள் டீச்சரைப் பார்த்தாள். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தாள். அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, மற்றக் கையையும் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் யாரோ தெரியாத பொம்பளை கையை ஆட்டினால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். தலையை மெதுவாக இல்லை என்று ஆட்டிவிட்டு, மேஜைப் பக்கம் திரும்பி, கேட்காத கேள்விக்கு, "யெஸ் மேடம்" என்றாள்.



"மதர் என்ன பண்றாங்க?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், டீச்சரிடம்.

டீச்சர் எழுந்து நின்றார். "அம்மாவுக்குப் பதற்றம் மேடம், அவ்ளோதான். குழந்தைக்கு அதெல்லாம் பழக்கமே இல்ல. நீங்களே பாத்தீங்கல்ல, அவளுக்கு ஒண்ணுமே புரியல." சொல்லிக்கொண்டே போய்க் குழந்தையின் வயரைத் தொட்டுப் பார்த்தார். தன் கைப்பையிலிருந்து வேறு வயரை எடுத்து மாட்டி, அவள் முதுகுப் பக்கம் நின்று கையைத் தட்டினார். என் மகள் கண்ணைச் சிமிட்டினாள். மறுபடியும் கேள்விகள், இந்த முறை முகம் பார்த்து. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தம்பி தங்கை, "நோ." வீடு, "ஆஸ்டின் டவுன்," 'ஸ்' கொஞ்சம் வழுக்கியது, பரவாயில்லை.

சீட் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. இங்கேயும் சரி, வீட்டிலும் சரி, கை கூடவே கூடாது. மற்றப் பிள்ளைகள் பார்த்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள், இவளும் பேச்சை விட்டுவிடுவாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "ஷ்யூர் மேடம், ஷ்யூர் மேடம்" என்று என் கணவர் மூச்சுவிடாமல் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் டீச்சர் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். என் கணவருக்குத் தரையில் கால் பாவவில்லை. "பாத்தியா? நீ அவ்ளோ பண்ணியும் எம் பொண்ணு அசஞ்சாளா? எவ்ளோ அறிவு பாரு!" என்றார். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். எனக்குப் பார்க்கும் கல்லையெல்லாம் எட்டி உதைக்க வேண்டும் போல் இருந்தது. ஏழு வயசுகூட ஆகவில்லை. பெற்ற அம்மாவைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்துவிட்டது. எனக்காக இல்லை, அவளுக்காக இல்லை, அப்பா ஆசைப்பட்ட சீட்டுக்காக. யார் சொல்லிக்கொடுத்தது அதை? நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான்.

பள்ளியின் காம்பவுண்டு சுவர் முடிந்து தெரு திரும்பியது. அவள் அப்பாவின் கையை விட்டுவிட்டுப் பின்தங்கினாள். அவர் தன் சந்தோஷத்தில் நடந்துகொண்டே இருந்தார். இவள் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள், கேட் தெரியவில்லை. என் முன்னால் வந்து வழிமறித்து நின்றாள்.

தன்னைக் காட்டினாள். கண்ணைக் காட்டினாள். என்னைக் காட்டினாள். நான் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். உள்ளங்கையால் தன் முகத்தை மூடித் திறந்தாள். ஒளித்துக்கொண்டேன். அப்புறம் என் நெஞ்சில் கை வைத்து, தன் முகத்தைச் சுளித்து, புருவத்தைத் தூக்கினாள். உனக்கு வலிக்குதா?

நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கமா, மானமா, ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே இரண்டு கையாலும் பதில் சொன்னேன். வலிக்கலடி, வலிக்கல, வலிக்கல. அவ்வளவுதான், மடை உடைத்துக்கொண்டது. இத்தனை மாசமாக வயிற்றுக்குள் போட்டு வைத்திருந்தது எல்லாம் வந்தது. பெட்டி எப்போது செத்தது, அவளுக்கு எப்படி வயிறு கலங்கியது, அந்த மேடத்தின் பல் எப்படி ஒன்றுமேல் ஒன்று ஏறியிருந்தது, தொடைக்கு அடியில் கை எப்படி மரத்துப்போயிற்று. சிரிப்பும் அழுகையுமாக எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் கை சட்டென்று நின்றது. முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நான் திரும்பினேன்.

என் கணவர் திரும்பி வந்து நாலடி தள்ளி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. வரட்டும், வாயைத் திறக்கட்டும், இன்றைக்கு நானா அவரா என்று பார்த்துவிடுகிறேன், சீட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையை, அவள் பின்னால் கட்டியிருந்த கையை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ நேரம் அவ என்ன சொன்னா?" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"நீங்களே கேளுங்க," என்றேன். கோபம் இன்னும் தீரவில்லை எனக்கு.

அவர் தெருவிலேயே, இன்டர்வியூவுக்குப் போட்ட வெள்ளைப் பேன்ட்டோடு, அவள் முன்னால் மண்டியிட்டார். "வாட்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். இரண்டு கையையும் தூக்கினார். தூக்கிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கையை இறக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிக் கேக்கணும்?" என்றார். "சொல்லிக் குடு."